இருபத்திரண்டு கட்டம்

திரைக்குக் கீழே சிவப்புப் பட்டை.
அதில் இருபத்திரண்டு கட்டம்.
இடைவெளியும் ஒரு கட்டத்தைத் தின்னும்.
செத்தவர், ஜெயித்தவர், சவரன் விலை
எல்லாம் அதற்குள் முடிய வேண்டும்.
ஆறு வருடமாய் இதுதான் வேலை.

ஏழு மாடிக் கட்டடம், மூன்றாம் மாடியில் என் நாற்காலி.
என் நாற்காலி என்பது பேச்சுக்கு.
இரவு பத்து வரை அது லூர்துமேரியுடையது;
நான் உட்காரும்போது அவள் சூடு இருக்கும்.
ஜன்னல் கிடையாது, பதினாறு திரை உண்டு.
வெளியே மழை பெய்வதை
போட்டி சேனல் சொல்லித்தான் தெரிந்துகொள்வோம்.

சேர்ந்த முதல் வாரமே மெயில் வந்தது:
'நீளமான ஏரியா பெயர்களுக்குப் பதில்
வடசென்னை என்று போடவும்.'
கொருக்குப்பேட்டை எட்டு எழுத்து.
வடசென்னை ஐந்து.
தண்டையார்பேட்டையும் வியாசர்பாடியும்
பழைய வண்ணாரப்பேட்டையும்
என் விரலில்தான் ஒரே ஊராயின.
திருவான்மியூர் ஏழு.
அதை யாரும் வெட்டச் சொன்னதில்லை.

கார்த்திகை மழையில் எங்கள் தெருவில்
மூன்று நாளாய்த் தண்ணீர்.
கறுப்பு. மேலே எண்ணெய் மினுக்கம்.
எனக்கு வார விடுமுறை.
போன் வந்தது:
'நீ அந்த சைடுதானே?
லைவுக்கு ஒரு அம்மா வேணும்.
அழுதா நல்லது.'

தேசம்மாவிடம் கேட்டேன்.
'அழுவணுமா? இரு,
லாரி வந்துக்கினு கீது.
நாலு கொடம் ரொப்பிட்டு வந்து அழுவுறேன்.'

ரயில்வே கேட் மூடியிருந்தது.
எங்கள் வேன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்,
நடுவில் டேங்கர் பெட்டிகள்.
முப்பத்தொன்று வரை எண்ணினேன்,
அப்புறம் வண்டி நின்றே போய்விட்டது.
இரண்டு பெட்டிக்கு இடையில்
லோகோ போட்ட குடை மட்டும் தெரிந்தது.
முழங்கால் வரை பூட்ஸ் மாட்டி
காய்ந்த தாரில் நின்றபடி
செய்தியாளர் மேகவர்ணன் பேசிக்கொண்டிருந்தான்.
போனில் பார்த்தேன்,
எட்டு நொடி தாமதமாய்:
'எனக்குப் பின்னால் நீங்கள் பார்ப்பது
வெள்ளத்தில் மூழ்கிய...'
பின்னால் இருந்தது ஒரு டேங்கர் பெட்டி.
தண்ணீரில் சைக்கிள் தள்ளி வந்தவர்
என் கழுத்து அட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்,
'ஒங்க டிவிக்காரன்
யாராண்ட பேசிக்கினு கீறான்?'

பெட்டிகள் நகர்ந்தன. கேட் திறந்தது.
வேன் அதற்குள் திரும்பிப் போயிருந்தது.
குரூப்பில் எடிட்டர் ஒரு இதயம் போட்டிருந்தார்,
மேகவர்ணனுக்கு.

வியாழன் இரவு ஷிஃப்ட்.
அறிக்கை ஒன்று வந்தது, பட்டையில் போட:
வடசென்னையில் இயல்பு நிலை திரும்பியது.
எண்ணிப் பார்த்தேன்.
இடைவெளி மூன்றும் சேர்த்துச் சரியாய் இருபத்திரண்டு.
எழுதியவருக்கும்
கட்டக் கணக்கு தெரிந்திருக்கும் போல.

லூர்துமேரியின் சூடு ஆறியிருந்தது.
காலையில் மடித்துவிட்ட பேண்ட்டின் ஓரம்
இன்னும் ஈரம்.
முதல் வார்த்தையை மட்டும் அழித்துவிட்டு
எட்டு எழுத்தையும் முழுசாய் அடித்தேன்.
மெஷின் எதுவும் கேட்காது.
கொள்ளாததை வலது ஓரத்தில் நறுக்கிவிடும்.

கொருக்குப்பேட்டையில் இயல்பு நிலை திரும்

இரண்டு பத்திலிருந்து ஐந்து நாற்பது வரை
சிவப்பில் நின்றது.
பதினாறு திரைக்கு முன்னால்
பதினோரு பேர் இருந்தோம்.

விளக்கம் கேட்டு மெயில் வந்தது.
எழுத்து எண்ணியதில் பிழை என்று பதில் போட்டேன்.
கூடவே இன்னொரு மெயில்:
சேனலுக்குப் பத்தாம் ஆண்டு, நாம் ஒரே குடும்பம்,
கேக் நான்காம் மாடியில்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
தெருவுக்குள் இறங்கினேன்.
கணுக்காலுக்கு மேலே இருந்தது.
தேசம்மா குழாயடியில்.
நிமிரவில்லை.
'ராத்திரி பூரா பாத்தேன், இன்னா போட்டு வெச்சிக்கீற?
திரும்-னு நிக்குது.
திரும்பிச்சா, இனிமேதான் திரும்பப்போவுதா?
சரி சரி,
அந்தக் கொடத்த இந்தாண்ட தள்ளு.'